மாற்றுவலுவுள்ள ஒருவரைப் பல் வைத்தியத்துக்குக் கொண்டுபோவது எப்படி: யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

என் தம்பிக்கு டவுன் சின்ட்ரோம். இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அவனை முதன்முதல் பல் டொக்டரிடம் கொண்டுபோனது, சொக்கை வீங்கி இரண்டு இரவு நித்திரை இல்லாமல் கிடந்த பிறகு. முன்பின் பார்த்தறியாத அறை, முகத்துக்கு நேரே வெளிச்சம், கதிரை திடீரென்று பின்னால் சாய்கிறது. அலறினான். மூன்று பேர் பிடித்தும் வாயைத் திறக்கவில்லை. "இவருக்கு இங்க செய்ய ஏலாது அக்கா" என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிழையில் பாதி எங்களுடையது என்பது பிறகுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு தம்பியோடும், எங்கள் ஊரிலும் அயலூரிலும் இப்படிப் பிள்ளைகளும் பெரியவர்களும் உள்ள வேறு குடும்பங்களோடும் பல தடவை போய் வந்துவிட்டேன். இடறுகிற இடங்கள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் டொக்டர் இல்லை. மருந்தையும் சிகிச்சையையும் அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். அவர்களிடம் போகுமுன்னும் போன பின்னும் நாங்கள் செய்ய வேண்டியதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் ஒரு தாள்

பல்லைப் பற்றி யோசிக்குமுன் ஒரு ஏ4 தாளை எடுங்கள். பெயர், வயது, நிறை, என்ன நிலை, என்னென்ன குளிசை எந்த அளவில், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு செய்த சத்திரசிகிச்சைகள், மயக்க மருந்து கொடுத்த அனுபவம். இவ்வளவும் ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும். நிறையை மறக்க வேண்டாம். விறைப்பூசியின் அளவும் பரசிட்டமோல் அளவும் கிலோ கணக்கில்தான் பார்க்கப்படும்.

தாளை ஆங்கிலத்தில் எழுதுவிப்பது நல்லது. எங்கள் ஆஸ்பத்திரிகளில் குறிப்புகள் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. நாளைக்குப் பேராதனைக்கோ கொழும்புக்கோ அனுப்பினால், அங்கே பார்ப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். மருந்தின் பெயரை ஞாபகத்தில் இருந்து எழுதாமல் குளிசை மட்டையைப் பார்த்து எழுதுங்கள். தாளோடு டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, பிள்ளையென்றால் சுகாதாரப் பதிவுப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பைலில் போடுங்கள்.

பல் வைத்தியத்தின் போக்கையே மாற்றிவிடுகிற விஷயங்கள் சில உண்டு. தாளில் அவற்றுக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு போடுங்கள்.

இதயம். டவுன் சின்ட்ரோமோடு பிறக்கும் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இதயத்திலும் ஏதோ ஒரு குறை இருக்கும். பல் பிடுங்கும்போது வாயில் உள்ள கிருமி இரத்தத்தில் ஏறும். இதயத்தில் சில வகைப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அது வால்விலோ உட்சுவரிலோ போய்ப் பிடித்துக்கொள்ளும். அதனால் அப்படிப்பட்டவர்களுக்கு அரை மணியில் இருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பே அன்டிபயோட்டிக் கொடுப்பார்கள். எல்லா இதயக் குறைக்கும் இது தேவையில்லை. எனவே இதயக் கிளினிக்கில், "பல் வைத்தியத்துக்கு முன் அன்டிபயோட்டிக் வேண்டுமா, வேண்டாமா" என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். இந்த இரண்டு வரி இல்லாததால் ஒரு மாதம் தள்ளிப்போன வேலைகளைக் கண்டிருக்கிறேன்.

வலிப்பு. பினிட்டோயின் குடிப்பவர்களுக்கு முரசு தடித்துப் பல்லை மூடிக்கொண்டு வளரலாம். பல்லில் அழுக்கு படிய விட்டால் அது இன்னும் மோசமாகும். முரசைப் பார்த்துப் பயந்து குளிசையை நிறுத்திவிடாதீர்கள். முரசை வெட்டிச் சீராக்கலாம். மருந்தை மாற்றுவதென்றால் அதை வலிப்புக் கிளினிக் சொல்ல வேண்டும்.

இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் வார்ஃபரின். "பல்லுக் கழட்டினா இரத்தம் நிக்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான்கு நாள் முன்னதாகவே குளிசையை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்து, உறைகட்டி மூளைக்குப் போகலாம். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைப் பல் பிடுங்கும் நாளுக்கு ஒட்டிச் செய்து, அந்த எண்ணைக் காட்டினால் போதும். பெரும்பாலும் குளிசையை நிறுத்தாமலே செய்வார்கள்.

எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட் போன்ற குளிசையோ ஊசியோ எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் வாய்ப்பு உண்டு. அதையும் எழுதுங்கள்.

முள்ளந்தண்டு காயம். போரில் முதுகில் காயப்பட்டவர்கள் எங்கள் பக்கத்தில் கொஞ்ச நஞ்சமில்லை. காயம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே என்றால், சலப்பை நிரம்பினாலோ உடம்பு எங்காவது நெரிந்தாலோ இரத்த அழுத்தம் சடுதியாக ஏறலாம். தலையிடி, முகம் சிவத்தல், வியர்வை இவைதான் அடையாளம். பல் டொக்டருக்கு இது உடனே தோன்றாது. நீங்கள் சொன்னால்தான் கதிரையை உடனே நிமிர்த்தி, சலக் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

கழுத்து. டவுன் சின்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்வாக இருக்கும். தலையை வலுவாகப் பின்னால் மடக்கக் கூடாது என்று எழுதிவிடுங்கள்.

தாளின் கடைசியில், எவரும் எழுத நினைக்காத இரண்டு வரி: இவர் "ஓம்", "இல்லை" என்பதை எப்படிக் காட்டுவார், எதற்குப் பயப்படுவார். என் தம்பிக்குப் பின்னாலிருந்து தொட்டால் பிடிக்காது. அந்த ஒரு வரியால்தான் இரண்டாம் தடவை வேலை நடந்தது.

2. வாயை நீங்கள் பாருங்கள்

கதைக்காத பிள்ளை "பல்லுக் குத்துது" என்று சொல்லாது. நாங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், சாப்பாட்டுக்குப் பிறகு, ரோச் லைட் அடித்துப் பாருங்கள். பழுப்பும் கறுப்புமான ஓட்டை, முரசில் பரு மாதிரி ஒரு கட்டி, தொட்டால் இரத்தம், ஆடுகிற பல். காண்பதைப் போனில் படமெடுத்து வையுங்கள். அன்றைக்கு வாய் திறக்காவிட்டாலும் படத்தைக் காட்டலாம்.

வாய்க்கு வெளியேயும் அடையாளம் உண்டு. சோற்றை ஒரு பக்கத்தால் மட்டும் சப்புவது, விருப்பமான முறுக்கைத் திடீரென்று வேண்டாம் என்பது, தன் சொக்கையில் அடிப்பது, தலையணையில் இரத்தக் கறை, இரவில் எழும்பி அழுவது. "குணம் மாறிட்டுது" என்று மனநலக் கிளினிக்குக்குக் கொண்டுபோன ஒரு பிள்ளைக்கு உள்ளே இருந்தது இரண்டு சீழ் வைத்த கொடுப்புப் பல். நடத்தை மாறினால் முதலில் வாயைப் பாருங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. தாடைக்குக் கீழே வீங்கி இறுகுவது, விழுங்க முடியாமல் வீணீர் வடிவது, வாய் திறபடாமல் போவது, மூச்சு சிரமம், வீக்கம் கண்ணை நோக்கி ஏறுவது. இதில் ஒன்று கண்டாலும் மற்றப் படிகளை எல்லாம் விட்டுவிட்டு, இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அம்புலன்ஸ் வேண்டுமென்றால் 1990.

நோவுக்கு வீட்டில் கராம்பு எண்ணெயை ஊற்றுவதும் டிஸ்பிரினை முரசில் வைப்பதும் வேண்டாம். இரண்டும் முரசைச் சுட்டுப் புண்ணாக்கும். நிறைக்கேற்ற பரசிட்டமோல் போதும். மாரியில், டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால், டைக்ளோபினாக், ஐபுப்ரோபன் போன்றவற்றைத் தொடவே வேண்டாம்.

3. பல் விளக்கும் நேரத்தைப் பயிற்சி நேரமாக்குங்கள்

இதை டொக்டரிடம் போவதற்கு முந்திய படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. வீட்டில் தாயின் கை வாய்க்குள் போக விடாத பிள்ளை, கையுறை போட்ட அந்நியரின் கையை விடுமா?

எங்கே விளக்குவது என்பதில் தொடங்குங்கள். கிணற்றடியில் நின்றபடி முன்னால் இருந்து விளக்குவதுதான் எல்லோரும் செய்வது. அதில் தலை ஆடும், உள்பக்கம் தெரியாது. அவரைக் கதிரையில் இருத்தி, நீங்கள் பின்னால் நின்று, தலையை உங்கள் வயிற்றோடு சாய்த்துப் பிடியுங்கள். (என் தம்பி மாதிரிப் பின்னால் நிற்பது பிடிக்காதவர் என்றால், முன்னால் ஒரு கண்ணாடியை வையுங்கள். உங்கள் முகம் தெரிந்தால் பயம் போய்விடும்.) சின்னப் பிள்ளையென்றால் இரண்டு பேர் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்து, பிள்ளையின் தலை ஒருவர் மடியிலும் கால் மற்றவர் மடியிலும் வர வளர்த்திக்கொள்ளலாம். பல் டொக்டரும் குழந்தைகளை இப்படித்தான் பார்ப்பார்.

விழுங்கக் கஷ்டப்படுகிறவரை மட்டும் மல்லாத்த வேண்டாம். சற்று நிமிர்ந்தபடி, நாடி கொஞ்சம் கீழே பார்க்க வைத்து விளக்குங்கள். இல்லாவிட்டால் தண்ணீரும் பற்பசையும் நுரையீரலுக்குப் போகும்.

பிரஷ் சின்னத் தலை, மென்மையான தும்பு. தானே பிடிக்க விரும்புகிறவருக்குக் கைபிடி மெலிதாக இருந்தால் பிடிபடாது. பழைய சைக்கிள் கைபிடி ரப்பரைச் செருகினால் சரி, ஒரு துவாய்த் துண்டைச் சுற்றிக் கட்டினாலும் சரி. அவர் விளக்கிய பிறகு நீங்கள் ஒரு தடவை விளக்க வேண்டும். "அவரே வடிவாச் செய்வார்" என்று விட்ட வீடுகளில் முன்பல் மட்டும் வெள்ளையாக இருக்கும்.

பற்பசையில் புளோரைட்டு 1000 பி.பி.எம்முக்குக் குறையாமல் இருக்கிறதா என்று டியூப்பில் பாருங்கள். மூன்று வயதுக்குள் ஓர் அரிசியளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணிக் கடலையளவு. துப்பினால் போதும், கொப்பளிக்கத் தேவையில்லை. கொப்பளித்தால் பல்லில் நிற்க வேண்டிய மருந்து கழுவுப்பட்டுவிடும். துப்பத் தெரியாதவருக்குப் பசையை மிகக் கொஞ்சமாக வையுங்கள், மிச்சத்தை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

கடிக்கிற வழக்கம் உள்ளவரின் பற்களுக்கு இடையே ஒருபோதும் விரலை விடாதீர்கள். இன்னொரு பிரஷின் தடித்த கைபிடியைக் கொடுப்புப் பக்கம் வைத்தால் அதைக் கடித்துக்கொண்டிருப்பார், மற்றப் பக்கத்தை விளக்கலாம். மூளை முடக்குவாதம் உள்ளவர் கடிப்பது பெரும்பாலும் அனிச்சை. அவரால் உடனே விட முடியாது. இழுத்தால் இன்னும் இறுகும். பொறுத்திருங்கள், தானாக இளகும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லி விடுகிறேன். பனங்கட்டி இயற்கையானது, அதனால் பல்லுக்கு ஒன்றும் செய்யாது என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. பல்லில் உள்ள கிருமிக்குப் பனங்கட்டியும் சீனியும் ஒன்றுதான். ஒரு நாளில் எத்தனை தடவை இனிப்பு வாய்க்குள் போகிறது என்பதுதான் கணக்கு. பிளேன் ரீயும் ஒரு கடி பனங்கட்டியுமாக நாள் முழுக்கக் குடிப்பவருக்கு முரசோரம் எல்லாம் சொத்தை வரும். இனிப்புப் பாணி மருந்தை நித்திரைக்குப் போகுமுன் கொடுத்துவிட்டு அப்படியே படுக்க வைப்பதும் அதே வேலைதான் செய்யும். சீனியில்லாத பாணி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மருந்து கொடுத்த பின் விளக்குங்கள்.

4. எந்தக் கதவைத் தட்டுவது

பள்ளிக்கூடம் போகிற சின்னப் பிள்ளை என்றால் பாடசாலைப் பல் கிளினிக்கில் தொடங்கலாம். மற்றவர்கள் பக்கத்து அரச ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்குப் போங்கள். வடமராட்சியார் பருத்தித்துறை, வலிகாமம் வடக்கார் தெல்லிப்பளை, தென்மராட்சியார் சாவகச்சேரி, தீவார் ஊர்காவற்றுறை. நேரே பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. சாதாரணச் சுத்தமும் அடைப்பும் சின்ன இடத்தில், சனக் கூட்டம் குறைந்த இடத்தில் நடந்தால் இப்படிப்பட்டவர்களுக்குச் சுகம்.

அவர்களால் முடியாதென்றால் கடிதம் கொடுத்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். மயக்க மருந்து, தாடை சத்திரசிகிச்சை போன்றவை அங்கே. அதற்கும் மேலே பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையும் கொழும்பில் உள்ள பல் வைத்தியசாலையும் இருக்கின்றன. அரச சேவை இலவசம், ஆனால் கடிதம் இல்லாமல் இரவு பஸ் பிடித்துக் கண்டிக்குப் போனால் அலைச்சல்தான் மிஞ்சும். கடிதத்தில் "மயக்க மருந்து தேவைப்படலாம்" என்றும் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அங்கே போய் வாயைத் திறக்கச் சொல்லி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைக்கும் விஷயம். முதல் தடவை நோயாளி இல்லாமல் நீங்கள் மட்டும் போங்கள். தாளையும் படங்களையும் கொண்டு, கூட்டம் குறைகிற நேரம் பார்த்துப் போய், "இப்படி ஒருவர் இருக்கிறார், எந்த நாள், எந்த நேரம் கொண்டுவந்தால் உங்களுக்கு வசதி?" என்று கேளுங்கள். ஆளைக் காணாமல் என்ன கதைப்பது என்று சில இடங்களில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. நூறு பேர் வரிசையில் நிற்கும் காலை எட்டு மணிக்கு, கத்துகிற ஒருவரோடு திடீரென்று முன்னால் போய் நிற்பதை விட இது ஆயிரம் மடங்கு மேல். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இருக்கிறதா, பல் அறை மாடியிலா, கதவு எவ்வளவு அகலம் என்பதையும் அந்தப் பயணத்திலேயே பார்த்துவிடலாம்.

5. வீட்டில் ஒத்திகை

குறித்த நாள் வருவதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இதை விட்டால் வேறு குறுக்கு வழி இல்லை.

வீட்டில் சாய்மனைக் கதிரை இருந்தால் அதுவே பல் டொக்டரின் கதிரை. முதல் நாள் சும்மா இருந்து எழும்பினால் போதும். அடுத்த நாள் சாய்ந்து இருப்பது. பிறகு வாயை "ஆ" என்று திறந்து ஐந்து வரை எண்ணுவது, பிறகு பத்து. பிறகு ரோச் வெளிச்சம். பிறகு கரண்டிக் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணுவது. எந்தப் படியில் மறுக்கிறாரோ அதற்கு முந்திய படிக்குத் திரும்புங்கள். "இன்றைக்கு நல்லாச் செய்கிறான், இன்னும் ஒன்று பார்ப்போம்" என்று அவசரப்பட்ட நாட்களில்தான் எல்லாம் குழம்பும்.

எண்ணுவதற்கு ஒரு பயன் உண்டு. எப்போது முடியும் என்று அவருக்குத் தெரிகிறது. பத்து என்றால் பத்தில் நிறுத்துங்கள். பதினொன்று வரை போனால் அடுத்த தடவை நம்ப மாட்டார். டொக்டரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

நீங்கள் தனியே போன நாளில் வாசல், காத்திருக்கும் வாங்கு, கதிரை, விளக்கு ஆகியவற்றைக் கேட்டுப் படமெடுத்து வந்திருந்தால், அவற்றை வரிசையாகக் காட்டிக் கதை மாதிரிச் சொல்லலாம். உறிஞ்சு குழாயின் சத்தத்தையும் பதிவு செய்து மெதுவாகப் போட்டுப் பழக்கலாம். பொய் மட்டும் சொல்லாதீர்கள். "ஊசி போட மாட்டினம்" என்று சொல்லிக் கூட்டிப்போய் ஊசி போட்டால், அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரி வீதியாலேயே போக விட மாட்டார். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது அதுதான்.

6. போகிற நாள்

நேரம்: அவர் வழக்கமாகச் சந்தோஷமாக இருக்கும் நேரம். வலிப்புக் குளிசையைத் தவறாமல் கொடுங்கள். மயக்க மருந்து இல்லையென்றால் இலேசாகச் சாப்பிடக் கொடுங்கள். பசியோடு போனால் எரிச்சல், வயிறு நிரம்பப் போனால் சத்தி. சலப்பையை வெறுமையாக்குங்கள், குழாய்ப் பை உள்ளவருக்கு அதையும்.

நெடுந்தீவில் இருந்து வருகிறவர்கள் படகு, பிறகு குறிகட்டுவானில் இருந்து பஸ் என்று வருமுன்பே களைத்துவிடுவார்கள். முடிந்தால் முதல் நாளே வந்து உறவினர் வீட்டில் தங்குங்கள். நல்லூர்த் திருவிழா நாட்களில் திகதி தந்தால் வேறு நாள் கேட்டுப் பாருங்கள். அந்த நெரிசலும் சத்தமும் இவர்களுக்கு ஆகாது.

கூடப் போவது இரண்டு பேர், அதற்கு மேல் வேண்டாம். ஒருவர் கதைக்க, ஒருவர் அவரோடு இருக்க. மாமி, சித்தி, அயல் வீட்டு அக்கா எல்லோரும் சுற்றி நின்று "வாயைத் திற ராசா" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினால் டொக்டரின் குரல் கேட்காது.

7. கதிரையில்

சக்கர நாற்காலியில் இருந்து தூக்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பார்ப்பது, சுத்தம் செய்வது, சின்ன அடைப்பு இவற்றைச் சக்கர நாற்காலியில் வைத்தே செய்யலாம், தலைக்குப் பின்னால் யாராவது பிடித்தால் போதும். கதிரைக்கு மாற்றினால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு அவருடைய மெத்தையையும் போடச் சொல்லுங்கள், இடையிடையே சற்றுத் தூக்கி விடுங்கள். படுக்கைப்புண் ஒரு மணி நேரத்திலேயே தொடங்கிவிடலாம், ஆறுவதற்கு மாதக் கணக்காகும்.

கண்ணுக்கு வெளிச்சம் குத்தினால் கறுப்புக் கண்ணாடி. நிறுத்த வேண்டுமென்றால் கையை உயர்த்துவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கையை உயர்த்தினால் டொக்டர் உண்மையாகவே நிறுத்த வேண்டும்.

துளைக்காமலே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு, கேளுங்கள். கைக் கருவியால் சொத்தையைச் சுரண்டிக் கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பசையை வைத்து அடைக்கலாம். சில்வர் டைஅமைன் புளோரைட்டு என்ற திரவத்தைப் பூசினால் சொத்தை பெரும்பாலும் மேலே பரவாமல் நிற்கும். பூசிய இடம் கறுத்துப்போகும், அதை முன்பே தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். கடைவாய்ப் பல் கறுத்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்பது என் எண்ணம். முன்பல் என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

பிடித்து அமுக்குவது பற்றி. கை திடீரென்று வீசுப்படாமல் ஒருவர் மெதுவாகப் பிடிப்பது வேறு, நான்கு பேர் ஏறி அமுக்குவது வேறு. அவசரமாகச் சீழ் எடுக்க வேண்டிய நேரத்தைத் தவிர இரண்டாவதற்குச் சம்மதிக்காதீர்கள். அன்றைய வேலை முடியும், ஆனால் அடுத்த பத்து வருடத்துக்கு வாய் பூட்டப்படும். "இன்றைக்கு எண்ணுவதோடு நிற்போம், அடுத்த கிழமை வருகிறோம்" என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

8. மயக்க மருந்து கொடுத்துச் செய்வதென்றால்

ஒத்துழைக்கவே முடியாதவருக்கும், ஒரேயடியாக நிறையப் பல் பார்க்க வேண்டியவருக்கும் முழு மயக்கத்தில் செய்வார்கள். திகதி கிடைக்க நாள் எடுக்கும். முதலில் மயக்க மருந்து நிபுணர் பார்ப்பார். இரத்தச் சோதனை, ஈ.சி.ஜி., இதயக் குறை உள்ளவருக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் ஆகியவை கேட்கப்படலாம். முதலாம் படியில் எழுதிய தாள் இங்கேதான் தன் விலையைக் காட்டும்.

இரத்தம் எடுக்கவும் பயப்படுகிறவர் என்றால், மற்றக் கிளினிக்குகளுக்கு வேண்டிய இரத்தத்தையும் மயக்கத்தில் இருக்கும்போதே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். காது மெழுகு எடுப்பது, நகம் வெட்டுவது வரை அந்த நேரத்தில் முடித்த குடும்பங்கள் உண்டு. அதேபோல், சந்தேகமான பல்லைப் பற்றி டொக்டரோடு முன்பே கதைத்து முடிவெடுங்கள். இவர்களுக்கு மயக்கம் அடிக்கடி கொடுக்க முடியாது என்பதால், இன்னும் ஒரு வருடம் தாங்குமா என்ற பல்லை அப்போதே எடுப்பார்கள். பிள்ளை வெளியே வந்த பிறகு "ஆறு பல்லுக் கழட்டிப்போட்டினம்" என்று அழுவதை விட, முன்பே கேட்பது நல்லது.

வெறும் வயிறு. சாப்பாடும் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன் நிற்க வேண்டும், தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன். உங்களுக்கு வேறு நேரம் சொன்னால் அதன்படி நடங்கள். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு. எங்கள் வீட்டில் மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த திகதியன்று, விடிய ஐந்து மணிக்கு, "பிள்ளை பசியோட போகப் போறானே" என்று சின்னம்மா பால் தேத்தண்ணி கொடுத்துவிட்டார். கேட்டார்கள், சொன்னேன், திருப்பி அனுப்பினார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். அன்றிலிருந்து முதல் நாள் இரவே குசினிக் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுகிறேன், பேணியையும் பழத்தையும் கண்ணில் படாமல் ஒளித்தும் வைக்கிறேன்.

காலைக் குளிசைகளில் எதைக் கொடுப்பது, எதை விடுவது என்று முன்பே கேட்டு எழுதுங்கள். வலிப்புக் குளிசையைப் பெரும்பாலும் ஒரு மிடறு தண்ணீரோடு கொடுக்கச் சொல்வார்கள். நீரிழிவு மருந்துக்கு வேறு கணக்கு. தடிமனும் இருமலும் இருந்தால் மறைக்க வேண்டாம், தள்ளிப்போடுவார்கள், அது நல்லதுக்குத்தான். ஆடுகிற பல் இருந்தால் சொல்லுங்கள், குழாய் போடும்போது கழன்று உள்ளே போய்விடலாம்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர் அன்று கட்டாயம் அங்கே நிற்க வேண்டும். தகப்பன் வெளிநாட்டில், தாய் இல்லை, அக்கா வந்திருக்கிறார் என்றால் யார் கையெழுத்துச் செல்லும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆள் பெரியவராகவே இருந்தாலும், அவருக்கு விளங்குகிற மொழியில் சொல்லி அவருடைய தலையாட்டலையும் வாங்குங்கள். வாய் அவருடையது.

9. வீட்டுக்கு வந்த பிறகு

விறைப்பு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். உணர்வில்லாத உதட்டைப் பிள்ளை சப்பிக் கடித்துக் கிழித்துவிடும், அடுத்த நாள் பார்த்தால் உதடு வீங்கிக் கிடக்கும், தொற்று என்று நினைத்துப் பதறுவோம். விறைப்புப் போகும்வரை சாப்பாடு வேண்டாம், ஒருவர் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள்.

பல் பிடுங்கிய இடத்தில் வைத்த பஞ்சைக் கடிக்கத் தெரியாதவர் விழுங்கிவிடலாம். அவருக்கு நீங்கள் துணியை மடித்து விரலால் அழுத்தாமல், டொக்டரிடமே கேட்டு அங்கே வைத்து இரத்தம் நின்ற பிறகு புறப்படுங்கள். அன்று முழுக்கக் கொப்பளிக்க, ஸ்ட்ரோவால் உறிஞ்ச, சூடாகக் குடிக்க விடாதீர்கள், உறைந்த இரத்தம் கழன்றுவிடும். ஆறின கஞ்சி, இடியப்பமும் சொதியும், புட்டைப் பாலில் குழைத்தது எல்லாம் சரி. அடுத்த நாளில் இருந்து உப்பு நீர். கொப்பளிக்கத் தெரியாதவருக்குப் பஞ்சை உப்பு நீரில் நனைத்து மெதுவாகத் துடைத்து விடலாம்.

இரத்தம் நிற்காமல் வடிந்தாலோ, மூன்றாம் நாள் நோவு குறையாமல் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ திரும்பிப் போங்கள்.

மற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்றால், இவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று கேளுங்கள். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குச் சொத்தையை விட முரசு நோய்தான் பல்லைக் கொண்டுபோகும், அது நோகாமலே நடக்கும். அடுத்த திகதியை அன்றைக்கே எழுதி வாங்கி, நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட்டு, சாய்மனைக் கதிரையை எடுத்து மூலையில் வைக்காமல் அப்படியே விடுங்கள். என் தம்பி இப்போதும் பின்னேரத்தில் அதில் சாய்ந்து, தானே "ஆ" என்று திறந்து பத்து வரை எண்ணுவான். ஏழு என்ற எண்ணை எப்போதும் விட்டுவிடுவான், அதனால் அவனுடைய பத்து கொஞ்சம் முந்தியே வந்துவிடும். டொக்டருக்கும் அது தெரியும்.